எரிகோவின் கடைசிப் பதினான்கு கட்டங்கள்

என் அக்காள் கணவர் எவோடியோ நடத்திய பேண்டில் நான் இருபத்திரண்டு வருஷம் சாக்சபோன் வாசித்தேன். அவர் எழுதும் மூலத்தாளிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளாகப் பிரித்து எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஆகவே அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டி வரும். அதனாலேயே இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மெக்சிகோவில் எங்கள் வஹாக்கா மலையில் பேண்டு இல்லாத ஊர் கிடையாது. கோயில் கூரை ஓடு மாற்றக் காசில்லாத ஊரில்கூட டூபா என்கிற பெரிய பித்தளைக் குழல் இரண்டு இருக்கும். பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் திருவிழா வந்தாலும் முப்பது நாற்பது பேர் ஊதிக்கொண்டு போனால்தான் அது நடந்ததாகக் கணக்கு. எங்கள் ஊர் சாந்தா பிரிகிதாவின் பேண்டுக்கு வேறு ஊர்களுக்கு இல்லாத ஒரு பெருமை இருந்தது. நாங்கள் வாசித்தவற்றில் பாதி எங்கள் எவோடியோ எழுதியவை. எல்லாம் வேதாகமத்திலிருந்து எடுத்தவை.

அவருடைய அப்பா கோயிலில் வேதம் வாசிப்பவர். பாதிரியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் பீடத்துக்குக் கீழே நின்று உரக்க வாசிப்பார். அந்தக் கதையெல்லாம் இந்த மலையில் நடந்தது என்றே எவோடியோ சின்ன வயதில் நம்பியிருந்தாராம். நோவாவின் பேழை ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறையில்தான் தட்டி நின்றது. ரூத்து பொறுக்கியது எங்கள் சோளக் கதிர்களைத்தான். அவர் கடலையே பார்த்ததில்லை என்பதால் யோனா மட்டும் கொஞ்சம் இடித்தார்.

பெரியவரான பிறகும் அந்த நம்பிக்கை முழுக்கப் போகவில்லை என்றே நினைக்கிறேன். நோவாவுக்கு அவர் எழுதிய இசையில் மழை தொடங்கும் இடத்தில் கிளாரினெட்காரர்கள் யாரும் ஊத மாட்டார்கள். பன்னிரண்டு பேரும் விரலால் வாத்தியத்தின் விசைகளை மட்டும் தட்டுவார்கள். தகர ஓட்டில் முதல் தூறல் விழுகிற மாதிரியே இருக்கும். முதல்முறை வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பெண் காயப்போட்ட துணியை எடுக்க எழுந்தே விட்டாள்.

காபித் தோட்டம் ஒன்றரை ஏக்கர், நாலு ஆடு, ஒரு கழுதை, இவ்வளவுதான் அவருடைய சொத்து. காபிக்கொட்டையைக் காயப்போட்டுக் கிளறும்போதுதான் அவருக்குச் சங்கீதம் வரும். துடுப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். என் அக்காள் கிளோதில்டே அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"நோவா பேழை கட்டி முடிக்கறதுக்குள்ள இங்க கோழியெல்லாம் பட்டினில செத்துரும்!"

"ரெண்டு ஜோடி ஏத்திக்கிட்டேன், கவலப்படாத" என்பார்.

எங்களுக்கு அடுத்த ஊர் சான் கலிஸ்தோ. மலைமுதுகைத் தாண்டினால் ஒன்றரை மணி நேர நடை. அங்கே ரொட்டிக்கடை வைத்திருந்த தௌரினோதான் அந்த ஊர் பேண்டின் முதல் கிளாரினெட். எவோடியோவும் அவரும் பதினைந்து வயதில் இசைப்பள்ளியில் ஒன்றாகக் கிளாரினெட் கற்று, விடுதியில் ஒரே கம்பளியைப் போர்த்திப் படுத்தவர்கள். பிற்பாடு எவோடியோவின் மகள் எபிஃபானியாவுக்கு ஞானஸ்நானத்தில் தௌரினோ ஞானத்தந்தையாக நின்றார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி 'கொம்பாத்ரே' என்றுதான்.

ஒரு ஊர்த் திருவிழாவுக்கு அடுத்த ஊர் பேண்டு வந்து சும்மா வாசித்துவிட்டுப் போகும். மறுவருஷம் இவர்கள் போய் வாசிப்பார்கள். அப்படி வருகிற தௌரினோவை மனதில் வைத்தே எவோடியோ எழுதுவார். ரூத்தின் கதை கிளாரினெட் ஒன்றே தனியாக நீளமாக இழுத்து வாசிப்பதில் தொடங்கும். எங்கள் ஊர் ஆட்களுக்கு நடுவில் மூச்சு முட்டும். "அது உங்க நெஞ்சுக்கு எழுதினதில்ல, ரொட்டி அடுப்பு ஊதுற நெஞ்சுக்கு எழுதினது" என்று எவோடியோ சிரிப்பார்.

அந்த மலைமுதுகில்தான் ஊற்று இருந்தது. எல்லை எந்தப் பக்கம் என்று இரண்டு ஊருக்கும் அறுபது வருஷமாக வழக்கு. மழை தவறாமல் பெய்தவரை யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பொய்த்ததும் சான் கலிஸ்தோக்காரர்கள் ஊற்றுக்கு முன்னால் நெஞ்சளவு கல்மதில் எழுப்பி, இரும்புக் கதவு வைத்துப் பூட்டினார்கள். பெண்களாகிய நாங்கள் கீழே ஓடைக்கு இறங்கி, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, குடத்தோடு ஏறி வந்தோம்.

அந்த வருஷம் எங்கள் ஊர்த்தலைவராக இருந்தவர் அபுந்தியோ. அவர் ஒருநாள் எவோடியோவின் காபிக் களத்துக்கு வந்தார். நானும் அக்காளும் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"வாத்தியாரே, நோவா ஆச்சு, யோனா ஆச்சு, ரூத்தம்மாவும் ஆச்சு. நம்ம யோசுவா மட்டும் என்ன பாவம் பண்ணாரு?"

"அது பெரிய வேலைங்க. எரிகோன்னா ஏழு ட்ரம்பெட் வேணும். நம்மகிட்ட நாலுதான் இருக்கு."

"மூணு நான் வரவழைக்கிறேன். திருவிழாவுக்குள்ள எழுதிக் குடுங்க. மேல ஒரு மதிலு நிக்குது பாருங்க, ஊர் சனத்துக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும்."

"அது வேற, இது வேற. நான் எழுதுனா வேதம்தான் எழுதுவேன்."

"அட, வேதமில்லேன்னு யாரு சொன்னா?" என்று கண்ணடித்துவிட்டு அபுந்தியோ போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்காள் சொன்னாள்: "அந்தாளு கண்ணடிச்சத நான் பாத்தேன். இது வேணாம்."

"வேதத்துல இருக்கறதத்தானே எழுதப்போறேன், கிளோதில்டே."

"வேதத்துல எவ்வளவோ இருக்கு. கானாவூர்க் கல்யாணம் இருக்கு, தண்ணிய திராட்ச ரசமாக்குனது. அத எழுது. தண்ணிக்கும் வழி சொன்ன மாதிரி ஆச்சு."

அவர் எரிகோவையே எழுதினார், யோசுவாவின் சனங்கள் ஏழு முறை சுற்றிவந்து எக்காளம் ஊதிக் கத்தியதும் மதில் விழுந்த ஊரின் கதையை. பல வருஷமாகவே அதை எழுத அவருக்கு ஆசை இருந்தது என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் முடித்தார். அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன், சொல்லக் கூசினாலும். ஏழு சுற்று. முதல் சுற்றில் கால் நடக்கிற சத்தம் மட்டும், தோலில் கை வைத்து அடிக்கும் டிரம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் கூடிக்கொண்டே போகும். ஏழாவதில் ட்ரம்பெட்டுகள் எழும்பும்போது வாசிக்கிறவனுக்கே முதுகுத்தண்டு சில்லிடும். கடைசியில் எல்லாரும் வாத்தியத்தை இறக்கிவிட்டு ஒரே மூச்சில் கத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சொல்: 'மக்களும்.'

தாள் பிரிக்க உட்கார்ந்தபோது அதைக் கேட்டேன்.

"அத்தான், மக்களும்னா கேக்க வந்தவங்களுமா?"

"வேதத்துல அப்படித்தான இருக்கு. சனங்க எல்லாரும் கத்துனாங்கன்னு."

"எப்பக் கத்தணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பத்துநான்கு தாளிலும் அந்தச் சொல்லை மையில் எழுதினேன். எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓடையிலிருந்து குடம் சுமந்த தோள் அன்றும் வலித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி முதல் தேதி எங்கள் திருவிழா. நான் அறிந்த காலத்தில் முதல்முறையாக அந்த வருஷம் சான் கலிஸ்தோ பேண்டுக்கு அழைப்பு போகவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் எரிகோவை வாசித்தோம். கத்த வேண்டிய இடத்தில் எண்ணூறு பேர் கத்தினார்கள். எவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அபுந்தியோ மேடையேறி, "இத இங்க வாசிச்சா அவனுங்களுக்கு எப்படிக் கேக்கும்? மேல போய் வாசிப்போம்!" என்றார்.

எவோடியோ அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வறண்டு போயிற்று, மலையேறினால் ட்ரம்பெட் பிசிறும் என்று ஏதாவது சாக்காவது சொல்லியிருக்கலாம். அவர் பேண்டுக்குத் தாளம் காட்டும் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். பின்னால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் ஊர். சில ஆண்கள் கையில் கடப்பாரை இருந்ததை வழியிலேயே பார்த்தேன்.

மதிலுக்கு முன்னால் நின்று தொடங்கினோம். ஆறாவது சுற்றில் மேல்பாதையில் சான் கலிஸ்தோக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தெரிந்தார்கள். அவர்களிலிருந்து ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். வெள்ளை முன்துணி கட்டியிருந்தார். அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார் தௌரினோ. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

"கொம்பாத்ரே! நிறுத்து! கொம்பாத்ரே!"

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். எனக்கே கேட்டது. எவோடியோவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கோல் நிற்கவில்லை. அப்போது ஏழாவது சுற்றின் கடைசியில் இருந்தோம். அவர் திரும்பி எங்களைப் பார்த்து, இடதுகையால் ட்ரம்பெட்டுகளை இன்னும் மேலே, இன்னும் மேலே என்று எழுப்பினார். வாத்தியத்தை இறக்கினோம். கத்தினோம். எங்களுக்குப் பின்னால் ஊர் கத்தியது. பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள்.

கால் மணி நேரத்தில் மதில் கிடையாது. கல் இரண்டு பக்கமும் பறந்தது. யார் எறிந்த கல் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் பக்கத்திலிருந்து வந்த கல் என்பது மட்டும் தெரியும். தௌரினோ தரையில் உட்கார்ந்திருந்தார். வாயைப் பொத்தியிருந்த விரல்களில் ரொட்டிமாவு காய்ந்திருந்தது, அதன்மேல் ரத்தம். மேலுதடு மூக்குவரை கிழிந்திருந்தது. முன்பற்கள் மூன்று போய்விட்டன.

கிளாரினெட்டின் வாய்ப்பகுதியை மேல்பற்களால்தான் பிடிக்க வேண்டும். உதடு அதைச் சுற்றி இறுக மூட வேண்டும். இதை நான் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் பேண்டில் அத்தனை பேருக்கும் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

கீழே இறங்கியபோது திருவிழாச் சாப்பாடு தயாராக இருந்தது. மொச்சை வைத்து இலையில் சுருட்டிய சோளமாவுப் பொட்டலங்கள், மாட்டுக்கறிக் குழம்பு, மெஸ்கல் சாராயம். எவோடியோ கையில் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு இலையைப் பிரிக்காமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அபுந்தியோ வந்து முதுகில் தட்டி, "சாப்புடுங்க யோசுவா!" என்றார். ஊரே சிரித்தது.

யாரோ கைபேசியில் எடுத்த படம் ஒரு வாரத்தில் மலையெங்கும் பரவியது. மதில் விழும் காட்சி மட்டும்தான் அதில் இருந்தது, தௌரினோ இல்லை. மெக்சிகோ நகரத்திலிருந்து ஒரு பேண்டு மூலத்தாள் கேட்டு எழுதியது. மாநிலத் தலைநகரில் நடக்கும் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். எவோடியோ தாளைக் கொடுக்க மாட்டேன் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதனால் என்ன பயன்? வாசித்தவர்கள் தங்கள் தாள்களைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். என் கையெழுத்தில் 'மக்களும்' என்ற சொல் எங்கெங்கோ போனது.

அவர் ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினார். களத்தில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நின்றது. கொட்டையை விடாமல் கிளறிக்கொண்டே இருப்பார், எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல. ஐந்து வாரம் பொறுத்த அக்காள் ஒருநாள் காலையில் துடுப்பைப் பிடுங்கி மூலையில் வைத்தாள்.

"போய் அவரு வாசல்ல நில்லு."

"என்ன முகத்தோட போறது?"

"இருக்கற முகத்தோட போ. வேற முகம் வாங்கியா வச்சிருக்க?"

தனியாகப் போனால் கல் விழும், பெண் கூட இருந்தால் யோசிப்பார்கள் என்று என்னையும் அனுப்பினாள். அக்காள் அப்போது முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் இருந்தாள். வழியில் இடிந்த மதிலைத் தாண்டித்தான் போனோம். எவோடியோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தௌரினோவின் மனைவி செனைதா வாசலில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, யோசுவா வந்திருக்காரு! இன்னும் ஏதாவது சுவரு பாக்கியிருக்கான்னு பாக்க வந்திருக்காரு போல!" பிறகு என்னிடம், "நீயுமா ஹெர்மினியா? சாக்சபோன் கொண்டாரலியா? வாசிச்சா இந்த வீடும் விழும்ல?"

எவோடியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அரைமணி நேரம் நிற்கவைத்துவிட்டு, "மாவு பெசையறாரு. உள்ள போங்க. உக்காரச் சொல்லமாட்டேன்" என்றாள்.

தௌரினோ நீண்ட மரமேசையில் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். உதடு தழும்பாகி ஒரு பக்கம் ஏறியிருந்தது. பேசினால் காற்று வெளியே போனது.

"சொல்லு" என்றார், நிமிராமல்.

"கொம்பாத்ரே..."

"எவோடியோன்னு பேரு வச்சு ஒருத்தன் இருந்தான், எனக்குத் தெரியும். இந்தக் கொம்பாத்ரே யாருன்னு தெரியல. சொல்லு."

எவோடியோ தான் ஒரு புதுச் சங்கீதம் எழுதப்போவதாகச் சொன்னார். யோபுவின் கதை. அதை அவர் பெயருக்கு எழுதி, எல்லா ஊரிலும் அவர் பெயரை முதலில் போட்டு வாசிக்க வைப்பதாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தௌரினோ மாவைத் தூக்கி மேசையில் அறைந்தார். "பாட்டா? பாட்டால ஆனது போதும்யா! யோபுவாம். நான் சொறி புடிச்சு சாம்பல்ல உக்காந்திருக்கறத நீ நாப்பது பேர வச்சு ஊதுவ, ஊரு கைதட்டும். போ, போய் வேற வேல பாரு."

எவோடியோ அசையவில்லை. தொப்பி விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நீ கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சு."

மேசையில் கை நின்றது.

"ரெண்டு தடவையும் கேட்டுச்சு. நிறுத்தியிருந்தா யாரும் கத்தியிருக்க மாட்டாங்க. எல்லாரும் என் கோலத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. முடிச்சிடலாம்னு நெனச்சேன்."

"ஏன்?"

"நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. ட்ரம்பெட்டு அதுக்கு முன்னால ஒருநாளும் அப்படி வந்ததில்ல. அத விட மனசு வரல."

செனைதா கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"எத்தன கட்டம் மிச்சம் இருந்துச்சு?" என்று தௌரினோ கேட்டார். இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களைத்தான் கேட்டார்.

"பதினாலு."

தௌரினோ மாவு ஒட்டிய விரலால் மேசையில் மெல்லத் தாளம் போட்டார். பதினான்கு கட்டத்தையும் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீ திரும்பிப் பாத்தத நானும் பாத்தேன்" என்றார். "பல்லு போனது கல்லால. ஆனா தெனமும் படுக்கப் போறப்ப நெனப்புல வர்றது கல்லு இல்ல, நீ திரும்பிப் பாத்துட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பினது. உன் எடத்துல நான் இருந்தா நிறுத்தியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன். தெரியல. அதுலயும் எனக்கு உன்மேல கோவம். இந்த மாதிரி ஒரு கேள்விய என்கிட்ட நீ கொண்டாந்து போட்டுட்ட பாரு."

எவோடியோ அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை.

கடைசியில் தௌரினோ சொன்னது இரண்டே விஷயம். "இப்ப இங்க சொன்னத உங்க ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லு. அப்புறம், பெரிய வெள்ளிக்கு எங்க பேண்டுல ஒரு கிளாரினெட்டு கொறையுது. ஏன் கொறையுதுன்னு உனக்குத் தெரியும். வந்து வாசி. முன்வரிசை கெடையாது. கடைசி எடம்."

மறு ஞாயிறு ஊர்க்கூட்டம். எவோடியோ எழுந்து, எதையும் மறைக்காமல் சொன்னார். தௌரினோ கூப்பிட்டது கேட்டது, நிறுத்தாதது, 'மக்களும்' என்று எழுதியது, அதை ஏன் எழுதினோம் என்று எழுதும்போதே தெரிந்திருந்தது. பிறகு அபுந்தியோ எழுந்தார்.

"எந்த ஊர்க்காரன்யா நீ? உன் பொண்டாட்டி ஓடத்தண்ணி சுமக்கறப்ப எங்க போச்சு இந்த ஞாயம்?"

"அவ சுமந்தா. அதுக்கு என் கொம்பாத்ரே வாயி என்ன பண்ணுச்சு?"

"கல்லெறிஞ்சவன் நீயில்லையே! எதுக்கு இப்ப எழுந்து ஊரு மானத்த வாங்கற?"

"கல்லெறிஞ்சவன எழுப்பிவிட்டது நான்தான்."

கூச்சல் எழுந்தது. ஒரு வழியாகக் கை தூக்கச் சொல்லி முடிவெடுத்தார்கள். பேண்டை நடத்தும் பொறுப்பு அவரிடமிருந்து போனது. இரண்டு வருஷத்துக்கு ஊர்வேலையாகக் கல்லறைத் தோட்டம் துப்புரவு. அவர் சரி என்றார். அந்த வருஷம் மாநில விழாவுக்கு எங்கள் பேண்டு வேறு ஒருவர் தலைமையில் போய் எரிகோவை வாசித்துக் கோப்பை வாங்கியது. நான் போகவில்லை.

அன்று கூடத்தில் நான் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை முப்பத்துநான்கு தடவை சிரித்துக்கொண்டே எழுதியது நான், தௌரினோ கூப்பிட்டது எனக்கும் கேட்டது, என் சாக்சபோனும் நிற்கவில்லை என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளியன்று எவோடியோ போனார். அந்த முறையும் நான் கூடப் போனேன், இந்தத் தடவை யாரும் அனுப்பவில்லை. சான் கலிஸ்தோவில் சிலுவைப்பாடு ஊர்வலம் மதியம் கிளம்பும். எவோடியோவுக்குக் கடைசி வரிசையில் ஓரத்து இடம், இரண்டு பதினாறு வயதுப் பெண்களுக்குப் பக்கத்தில். அவர்கள் இருவரும் அவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நடந்தார்கள். தௌரினோ பேண்டில்தான் இருந்தார். கிளாரினெட்டுக்குப் பதில் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவருடைய அடிக்குத்தான் எல்லாரும் கால் எடுத்து வைக்க வேண்டும்.

எரியும் வெயிலில் மூன்று மணி நேரம். தெருவோரப் பெண்களில் ஒருத்தி எவோடியோவின் காலடியில் துப்பினாள். அவர் இசைத்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி வரிசையில் வாசிக்கும் மூன்றாவது கிளாரினெட்டுக்கு எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே சுரம், பிறகு இடைவெளி, பிறகு அதே சுரம். மலையெங்கும் பேர் வாங்கிய மனிதர் இரண்டு இடத்தில் அதையும் தப்பாக வாசித்தார். தெருவின் ஓரமாகக் கூட நடந்த எனக்கே அது கேட்டது.

ஊர்வலம் முடிந்து வாசித்தவர்களுக்குச் செனைதா ரொட்டியும் காபியும் கொடுத்தாள். கடைசியாக எவோடியோவிடம் வந்தபோது கூடையில் அடிப்பக்கம் கருகிய ஒன்றுதான் மிச்சம். வேண்டுமென்றே வைத்திருந்தாளா, அப்படி அமைந்ததா, தெரியாது. அவர் அதைத் துளி மிச்சமில்லாமல் தின்றார்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. எவோடியோ ஒரு பெரிய வெள்ளியும் தவறவில்லை. எரிகோவைத் திரும்பப் பெறத்தான் அவரால் முடியவில்லை. வாசிக்கும் பேண்டுகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார், அந்தக் கடைசிச் சொல்லையாவது அடித்துவிடுங்கள் என்று. நான்கைந்து பேர் அடித்தார்கள். தூரத்து ஊர் பேண்டுக்காரர் ஒருவர், 'அதுதானே ஐயா இதிலேயே ருசி' என்று பதில் எழுதினார். ஒருமுறை சந்தைக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநர் எரிகோவின் பதிவைச் சத்தமாக வைத்துவிட்டார். ஐந்தாவது சுற்றில் எவோடியோ வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். இரண்டு மூட்டைக் காபியோடு மீதித் தூரத்தை நடந்தார்.

ஊற்றுக்கு இப்போது மதில் இல்லை. வழக்கு முடியவுமில்லை. கோடையில் ஒருநாள் அவர்கள், ஒருநாள் நாங்கள் என்று பெண்களே முறை வைத்துக்கொண்டோம். எந்தக் கூட்டமும் அதை எழுதி வைக்கவில்லை. அங்கே செனைதாவைப் பார்ப்பேன். எரிகோத் தாளில் நான் எழுதியதை, ஊர்க்கூட்டத்தில் சொல்லாததை, மூன்று வருஷம் முன்பு குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். "தெரியும்டி. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கல்யாணப் பத்திரிக எல்லாம் நீதான எழுதுவ" என்றாள். மன்னித்ததாகவும் இல்லை, வைததாகவும் இல்லை. குடத்தைத் தூக்கிவிட மட்டும் கை கொடுத்தாள்.

தௌரினோ பல் கட்டிக்கொண்டார். வீட்டுக்குள் கிளாரினெட்டை எடுத்துப் பார்க்கிறார் என்று செனைதா சொன்னாள். கீழ்ச்சுரங்கள் வருகின்றன, மேலே போனால் காற்றுப் பிரிகிறது. எபிஃபானியாவின் கல்யாணத்துக்கு ஞானத்தந்தை வராமல் இருக்கக் கூடாது என்று வந்தார். ரொட்டி நான்கு கூடை கொண்டுவந்தார். மணப்பெண்ணோடு ஒரு ஆட்டம் ஆடினார். எவோடியோவிடம் மழையைப் பற்றிக் கேட்டார், காபி விலையைப் பற்றிக் கேட்டார். பொழுது சாயுமுன் கிளம்பிவிட்டார்.

எவோடியோ மறுபடி எழுதுகிறார். வருஷத்துக்கு ஒன்று, சின்னதாக, ஒன்பது பத்துப் பேர் வாசிக்கக்கூடியது. போன வருஷம் எழுதியது, சீலோவாம் குளத்துக்குக் கண் கழுவப் போகும் குருடனைப் பற்றி. அதில் ட்ரம்பெட் இல்லை. மேல்சுரமே தொடாத ஒரு கிளாரினெட் வரி இருக்கிறது. தாள் பிரிக்கும்போது அது யாருக்கு என்று எனக்குத் தெரிந்தது, நான் கேட்கவில்லை. பிரித்த தாளை அவர் யாருக்கும் அனுப்பவில்லை, பெட்டியில்தான் இருக்கிறது.

இந்த வருஷப் பெரிய வெள்ளி முடிந்து திரும்பி வரும்போது கேட்டேன்: "அத்தான், அவரு மன்னிச்சிட்டாரா?"

"நான் கேக்கல, ஹெர்மினியா. கேட்டா அவரு ஏதாவது சொல்லியாகணும். அந்தச் சங்கடத்தயும் எதுக்கு அவருக்குக் குடுக்கணும்?"

கிளாரினெட் பெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு இறக்கத்தில் எனக்கு முன்னால் நடந்தார்.